ஆவன செய்யவும்

அன்புள்ள சார்,

கரூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிப்பவனாக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பையருக்கு ஒரு மெயில் எழுத அரைமணி நேரம் ஆகிறது. நேற்று அனுப்பியதை இணைத்திருக்கிறேன். வீடியோ காலில் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயம். பிசினஸ் இங்கிலீஷ் கோர்ஸுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

கே.

அன்புள்ள கே.,

உச்சரிப்பை விடுங்கள். உங்கள் பையர் ஜெர்மன்காரரோ ஸ்பெயின்காரரோ என்றால் அவருக்கும் அது இரவல் மொழிதான். தமிழ் மீடியம் புலம்பலையும் இத்தோடு நிறுத்துங்கள். அதையே சொல்லிக்கொண்டு நானும் ஐந்து வருடம் வீணடித்தவன்.

ஆனால் அந்த மெயில்! 'கைன்ட்லி டூ தி நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்.' படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எனக்கும் இந்த வாக்கியத்துக்கும் பழைய பகை.

1994, திருப்பூர். பனியன் கம்பெனியில் கடிதம் தட்டும் வேலை. ஜெர்மனி பையருக்கு லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணி அனுப்பியிருந்தோம். ஒரே நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள். அவர் ஒன்றைச் சொன்னால்தான் சாயப்பட்டறையில் துணியை இறக்க முடியும். நான் ஃபேக்ஸில் இதே வாக்கியத்தைத் தட்டிவிட்டுப் பெருமையாக ஃபைலில் கோத்து வைத்தேன். ஒன்பது நாள் பதிலே இல்லை. போன் போட்டால், "நீங்கள்தான் ஏதோ செய்யப் போகிறீர்கள் என்று நினைத்தேன்" என்கிறார் மனிதர். தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பினோம். முதலாளி திட்டவில்லை. ஏர் ஃபிரைட் பில்லை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

'ஏ, பி, சியில் எது? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், தவறினால் 20ஆம் தேதிக் கப்பல் கிடைக்காது.' இவ்வளவுதான் எழுதியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் போதும். யார், எதை, எப்போது என்று சொல்லாமல் நழுவத்தான் அந்த வாக்கியம். தாலுகா ஆபீஸ் மனுவில் வரும் 'ஆவன செய்யவும்' அதன் தமிழ்த் தம்பி. வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி ஆபீஸ் நடையால் வெள்ளைக்காரனே சலித்துப்போனான். 1948இல் பிரிட்டன் நிதித்துறை கேட்டுக்கொண்டு, எர்னஸ்ட் கவர்ஸ் அரசு ஊழியர்கள் எளிமையாக எழுதுவதற்கென்றே ஒரு கைநூல் எழுதினார். நாம்தான் அந்தப் பழைய நடையை இன்னும் பெட்டியில் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சரி, கோர்ஸ். சேருவதென்றால் சேருங்கள்; முதல் நாளே 'கைன்ட்லி' சொல்லிக்கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் என்ன வேலை, என்ன பயம், எவ்வளவு பணம் என்று ஏழெட்டு வரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதே ஆள்தானே மெயிலும் எழுதுகிறீர்கள், தம்பி? நேற்று அனுப்பியதை இன்றே திருத்தி அனுப்புங்கள். எந்த சாம்பிள், எந்தத் தேதிக்குள் என்பது அதில் எங்கேயுமே இல்லை.