இன்கா சாலைகள் ஊர்களை எப்படி இணைத்தன?

காபாக் ஞான் என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகள் நெடுக இன்கா பேரரசு கட்டிக்காத்த சாலை வலை. சுமார் 30,000 கிலோமீட்டர். அவர்களிடம் சக்கர வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. மனிதக் காலும், சுமை தூக்கும் லாமா என்ற விலங்கும்தான். அதனால்தான் செங்குத்தான இடங்களில் தயங்காமல் படிக்கட்டு அமைத்தார்கள்.

சாஸ்கி எனும் அஞ்சல் ஓட்டக்காரர்கள், பள்ளிக்கூடத் தொடர் ஓட்டம் போல, செய்தியைக் கைமாற்றி ஓடினார்கள். வழியில் தங்குமிடங்கள், தானியக் கிடங்குகள். கட்டியது வரிக்குப் பதிலாக ஊரார் தந்த உழைப்பு. பெரு நாட்டில், இந்தச் சாலை வலையைச் சேர்ந்த கெஸ்வாசாக்கா என்ற புல் கயிற்றுப் பாலத்தைச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் இன்றும் ஆண்டுதோறும் புதிதாகப் பின்னுகிறார்கள் (எனக்கு இதுதான் பெரிய வியப்பு).

யார் வேண்டுமானாலும் போய்வரும் பொதுவழி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அரசு வேலையாகப் போகிறவர்களுக்கே அது திறந்திருந்தது.