துறை மாறுவதற்கு முன் ஒரு தவணை

தம்பிக்கு,

கணினி விஞ்ஞானம் இரண்டாம் ஆண்டில் சென்ற தவணை இரண்டு பாடங்களில் சித்தியடையாமற் போனதால், தாதியியலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவியும் மூன்று வயதுப் பிள்ளையும் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உங்களோடு இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் உள்ள பெற்றோருக்கும் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும், வாரத்தில் ஐந்து இரவுகள் கிடங்கில் வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை அந்த ஐந்து இரவுகள்தான்.

நானும் துறை மாறியவன். 1997இல் மின்பொறியியலில் சேர்ந்து 1999இல் கணக்கியலுக்குப் போனேன். அக்காலத்தில் ரொறன்ரோவின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருநாள் விடியற்காலையில், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஒன்பது மணிப் பரீட்சைக்குப் போகலாம் என்று சுரங்க ரயிலில் ஏறினேன். கிழக்குக் கடைசி நிலையமான கென்னடியில் இறங்க வேண்டியவன் கண்விழித்தபோது, வண்டி திரும்பி மேற்கே விக்ரோரியா பார்க் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்தப் பரீட்சையில் கிடைத்த புள்ளியைப் பார்த்து, பொறியியல் என் மண்டைக்கு ஏறாது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். கணக்கியலில் நல்ல புள்ளிகள் வந்தன. அதே ஆண்டில்தான் தொழிற்சாலையில் என்னைப் பகல் வேலைக்கு மாற்றியிருந்தார்கள் என்பதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. கணக்கியல் எனக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் முடித்திருந்த 14 பாடங்களில் ஆறை மட்டுமே புதிய துறை ஏற்றுக்கொண்டது என்பதை மாறிய பிறகே அறிந்தேன். படிப்பு ஒன்றரை ஆண்டு நீண்டது. ஊரில் தங்கையின் கலியாணமும் அதற்கேற்பத் தள்ளிப்போனது. அதை அவள் இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

ஆகவே, உங்களுக்குப் பிடிக்காமற் போனது கணினியா, அல்லது தூக்கமில்லாமல் படிக்கும் கணினியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு தவணைக்கு ஐந்து பாடங்கள் முழுச்சுமை என்றால், அதில் 60 வீதம், அதாவது மூன்று பாடங்கள், எடுத்தாலே ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான ஓசாப் உங்களை முழுநேர மாணவராகக் கணக்கில் எடுக்கும். கட்டணம் குறைவதால் உதவித்தொகையும் சற்றுக் குறையலாம் என்பதால், முன்கூட்டியே நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரும் தவணை மூன்று பாடங்களை மட்டும் எடுத்து, இயன்றால் ஓர் இரவு வேலையையும் விட்டுப் பாருங்கள். அப்போதும் நிரல் எழுத உட்காரும்போது வெறுப்பே வந்தால், பழி களைப்பின் மேல் இல்லை.

தாதியியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலை நிச்சயம் என்ற பேச்சைக் கேட்டுப் போகிறவர்கள் நம்மிடையே அதிகம். ஒன்ராறியோவில் பதிவுபெற்ற தாதியாவதற்கு நான்காண்டுப் பட்டம் வேண்டும். கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளோமா முடித்தால் பதிவுபெற்ற செய்முறைத் தாதியாகலாம். பட்டத்துக்குப் பொதுவாக 12ஆம் வகுப்பு உயிரியலும், டிப்ளோமாவுக்கு 11 அல்லது 12ஆம் வகுப்பு உயிரியலும் கேட்பார்கள். இலங்கையில் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்த உங்களிடம் இரசாயனவியல் இருக்கும், உயிரியல் இராது. அதை வளர்ந்தோர் பாடசாலையில் தனியாக முடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய விடயம் வைத்தியசாலைப் பயிற்சி. அதன் நேரத்தை நிர்ணயிப்பது நீங்கள் அல்ல; காலை ஏழு மணிக்கு வார்ட்டில் நிற்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு கிடங்கில் பொதி தூக்க முடியாது. இன்றைய வேலையை வைத்துக்கொண்டு கணினி படிக்கலாம், தாதியியல் படிப்பது மிகக் கடினம்.

படிப்பு நீண்டால் மாணவர் கடன் கிடைக்கும் காலம் முடிந்துவிடுமோ என்ற உங்கள் பயம் தேவையற்றது. அரச மாணவர் உதவிக்கு வாழ்நாள் எல்லை 340 வாரங்கள்; ஒரு கல்வியாண்டுக்கு ஏறத்தாழ 34 வாரங்கள் என்று வைத்தால், நீங்கள் அதன் அருகில்கூட இல்லை. வருமானம் குறைந்தால் பிள்ளைக்கான கனடா குழந்தை நலக் கொடுப்பனவு கூடலாம்தான், ஆனால் அது முந்திய ஆண்டு வருமானத்தைக் கொண்டு ஒவ்வொரு ஜூலையிலும் திருத்தப்படுவது. இந்த மார்கழியில் வேலையைக் குறைத்தால், வரும் ஜூலையில் பார்ப்பது இந்த ஆண்டின் வருமானத்தை; அதனால் அதற்கும் அடுத்த ஆண்டு ஜூலை வரை ஏறத்தாழப் பழைய தொகைதான் வரும். அந்த இடைவெளிக்கான வாடகையை இப்போதே ஒதுக்க வேண்டும். நீங்களும் மனைவியும் இருவருமே வருமானவரிப் படிவம் சமர்ப்பித்திருந்தால்தான் அந்தக் கொடுப்பனவு தடையின்றி வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மாறுவதென்றே முடிவெடுத்தால், எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்பதைப் புதிய துறையிடமிருந்து எழுத்தில் வாங்கிய பின்னரே பழைய இடத்தை விடுங்கள். "பெரும்பாலும் ஏற்பார்கள்" என்று ஆலோசகர் வாயால் சொன்னதை நம்பித்தான் எனக்கு எட்டுப் பாடங்கள் போயின. அந்தக் கடிதம் கைக்கு வந்ததும், மனைவியோடு இருந்து, ஏற்காத பாடங்களால் படிப்பு எத்தனை மாதம் நீளும் என்று கணக்கிட்டு, அதை மாத வாடகையோடு பெருக்கிப் பாருங்கள். ஊருக்கு அனுப்பும் பணம் சில மாதம் குறையும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருக்கும். நான் சொல்லாமல் கடன் வாங்கி அனுப்பினேன், அதை அடைக்க இரண்டு வருடங்கள் எடுத்தன.