அந்த நாற்பது ஸ்பீக்கருக்கும் கேபிள் இழுத்தது யார்?

போன வாரம் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க ஒரு அப்பா, அம்மா, மகள் மூவரும் என்னிடம் வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் அப்பா, "சார், இவள் ஒலியை வைத்துக் கலை செய்யப் போகிறாளாம். பாட்டும் இல்லையாம், சினிமாவும் இல்லையாம், ஒரு அறையில் ஸ்பீக்கர் வைத்து அந்த அறையையே கேட்க வைப்பதாம்" என்று ஆரம்பித்தார். இயற்பியலில் இத்தனை மார்க் வாங்கிய பிள்ளையைக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேர்க்காமல் விடுவீர்களா என்று பெரியப்பாவும் மாமாவும் தினமும் போனில் கேட்கிறார்களாம். பதறாதீர்கள், பார்க்கலாம் என்றுதான் நானும் முதலில் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து நாணயம் அளவில் ஒரு பித்தளைத் தகடை எடுத்தாள். பியெசோ தகடு, அதிர்வை மின்சாரமாக மாற்றித் தருவது. அவளே கம்பி பற்றவைத்திருக்கிறாள், ஈயம் ஒரு பக்கம் கட்டியாக நிற்கிறது, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறாள். அதை என் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ரெக்கார்டரில் செருகி, ஹெட்ஃபோனை என்னிடம் நீட்டினாள். தெருவில் போகும் வண்டிகள் கண்ணாடிக்குள்ளேயே ஓடுவதுபோல் கேட்டது. யாரோ கதவை மூடியபோது கண்ணாடி சிலிர்த்தது. "இந்தக் கண்ணாடிக்கு இப்படித்தான் சார் கேட்கும்" என்றாள். இத்தனை நாளும் நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் அது.

அதற்குமேல் எனக்குச் சமாதானம் பேச மனம் வரவில்லை. அந்த அப்பாவிடம் நேராகச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் வேண்டாம். இவளுக்கு இயற்பியல் பிடித்ததே அலைகள் பாடத்தால்தான், அதை இயந்திரத்தின் மீதோ கோடிங்கின் மீதோ உள்ள ஆசை என்று பெரியப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். இந்தத் துறைக்குத் தேவையான மின்னணுவியலைக் கைவேலையாகவே கற்றுக்கொள்ளலாம். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் என்று ஒலியை நிரலால் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் ஒரு டிகிரி, அப்புறம் உன் இஷ்டம் என்கிறீர்கள். காது கூர்மையாகும் வயதில் நான்கு வருடத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் திருப்பித் தருவதாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாட்டு, சினிமா ஒலிப்பதிவு பற்றிக் கேட்டால் யாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். இந்தக் கலையில் பேர் வாங்கியவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பாருங்கள். சூசன் பிலிப்ஸ் சிற்பம் படித்தவர். கிளாஸ்கோவில் ஆற்றுப்பாலங்களுக்கு அடியில் தன் குரலிலேயே ஒரு பழைய ஸ்காட்டிஷ் ஒப்பாரியைப் பாடி ஒலிக்க வைத்தார், 2010-ல் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு அவருக்குப் போனது. ஒலிப் படைப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. மாக்ஸ் நியூஹவுஸ் தாள வாத்தியக்காரர். கிறிஸ்டினா குபிஷ் இசையும் படித்தார், மின்னணுவியலும் படித்தார். ஒலிக்கலை என்று பெயர் போட்ட படிப்பு வழியாக இவர்களில் ஒருவரும் வரவில்லை. அதனால் சிற்பமோ வேறு காண்கலையோ, செலவு குறைந்த ஒரு அரசுக் கல்லூரி போதும். அங்கே அவளுக்கு ஒரு பட்டறையும் காலி அறைகளும் கிடைக்க வேண்டும், அதை மட்டும் பாருங்கள்.

சோறு எப்படி என்று அம்மா மெதுவாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. ஒலிப் படைப்பு ஓவியம்போல விலைக்குப் போவது அபூர்வம். கண்காட்சிக் கட்டணம், பொது இடத்துக்குச் செய்து தரும் வேலை, ஒரு இடத்தில் தங்கிப் படைப்பு செய்யத் தரும் உறைவிட நல்கை என்று பணம் விட்டுவிட்டுத்தான் வரும். இருப்பதை மறைத்து நான் உங்களை அனுப்ப மாட்டேன். ஆனால் இதே துறைக்குள் யார் கண்ணிலும் படாத ஒரு வேலை இருக்கிறது. அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும் ஒலி, காணொளிப் படைப்புகளை நிறுவி, கண்காட்சி முடியும்வரை ஓட வைக்கும் டெக்னீஷியன் வேலை.

ஜேனட் கார்டிஃப் என்ற கனடாக் கலைஞர் 2001-ல் செய்த படைப்பு ஒன்றில் நாற்பது ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாடகரின் குரல். ஒன்றின் பக்கத்தில் போய் நின்றால் அந்த ஒருவர் மூச்சு வாங்குவது தெரியும், நடுவில் போய் நின்றால் முழுப் பாட்டும் உங்களைச் சுற்றிக்கொள்ளும். அது ஊர் ஊராகப் போகிறது. போகிற இடத்திலெல்லாம் நாற்பதையும் நீள்வட்டமாக நிறுத்தி, இந்தக் குரல் இந்த ஸ்பீக்கரில்தான் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் காது வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். நியூஹவுஸ் 1977-ல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் கம்பி வலைக்குக் கீழே ஒரு ஒலியை வைத்தார், அறிவிப்புப் பலகைகூட இல்லாமல். 1992-ல் நின்றுபோனது, 2002-ல் மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. தெருவுக்குக் கீழே ஒரு கருவி வருடக்கணக்கில் உயிரோடு இருப்பது தானாக நடப்பதில்லை.

இந்த வேலைக்குப் போகிறவர் எதையெல்லாம் கற்றுக்கொள்கிறார் தெரியுமா? எர்த்திங் கோளாறால் ஸ்பீக்கரில் வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' இரைச்சல் எந்தக் கேபிளிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுவது. பக்கத்து அறைப் படைப்பின் அடித்தொனி, அதாவது 'பேஸ்' ஒலி, சுவர் தாண்டி வந்துவிடும், கம்பளம் விரித்தால் கூர்மையான ஒலிதான் அடங்கும், அடித்தொனி அடங்காது என்பதைப் பட்டுத் தெரிந்துகொள்வது. காலையில் கதவு திறக்கும்போது எல்லாம் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும், கரண்ட் போய் வந்தாலும் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒலி, முதலிலிருந்து பிடிக்க வேண்டும். நாள் முழுக்க அதே ஒலியைக் கேட்டுக்கொண்டு நிற்கும் காவலாளியின் தலைவலியையும் யோசித்துத்தான் சத்தத்தின் அளவை வைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வரைபடம் போட்டு எழுதி வைக்க வேண்டும், அடுத்த ஊரில் பெட்டியைப் பிரித்து நிறுவுபவர் வேறு ஆளாக இருப்பார். ஒரு காலி அறை என்ன சொல்கிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை, அதுவும் சம்பளத்தோடு.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒலிக்கலை என்ற பெயரில் பெரிய கட்டணம் கேட்கும் எந்தப் படிப்புக்கும் கடன் வாங்காதீர்கள், வெளிநாடாக இருந்தாலும் சரி. நெதர்லாந்தின் டென் ஹாகில் மின்னணு இசையும் ஒலியும் கற்றுத்தரும் சோனாலஜி நிறுவனம் இருக்கிறது, பெர்லினில் ஒலி ஆய்வுகளுக்கு முதுகலை இருக்கிறது, நல்ல இடங்கள்தான். கையில் நாலைந்து படைப்பு செய்து முடித்த பிறகு, உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் போக வேண்டாம். கருவி விஷயத்திலும் அப்படித்தான், ஒரு நல்ல ஹெட்ஃபோனும் ஒரு சின்ன ரெக்கார்டரும் முதல் இரண்டு வருடத்துக்குத் தாராளம்.

உனக்கும் சொல்ல இருக்கிறது, பாப்பா. பதிவு செய்து குவித்தால் போதாது. ஒரு இடத்தைத் தேர்ந்தெடு, அந்த இடத்துக்கென்றே ஒன்றைச் செய், அது ஓடும்போது காணொளி எடு, எந்த ஸ்பீக்கர் எங்கே நின்றது என்று கையால் படம் போட்டு வை. இப்படி மூன்று இருந்தால் யாரிடமும் போய்க் கதவைத் தட்டலாம். காதைக் காப்பாற்று, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கும் பழக்கத்தை இன்றைக்கே விடு.

அப்பாவுக்கு ஒரே ஒரு வேலை. பக்கத்தில் எந்தக் கலைக்கூடத்தில் அடுத்த கண்காட்சி நிறுவப் போகிறார்கள் என்று விசாரித்து, உதவிக்கு ஆள் வேண்டுமா என்று மகளையே கேட்க விடுங்கள், நீங்கள் பேச வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் ஒரு வாரமாவது அங்கே ஏணி பிடித்து, கேபிள் சுருட்டிவிட்டு வரட்டும்.