கைபட்டால் உடையாத டாங்கி

கேள்வி: அலமாரியில் வைக்க 1/35 அளவில் ஐந்தாறு மாடல் டாங்கிகள் செய்து வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் மேசைப் போர் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார். இவற்றையே வைத்து ஆடலாமா?

பதில்: மேசை கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தால் தாராளமாக ஆடலாம். நிஜ டி-34 என்ற சோவியத் டாங்கி, பீரங்கிக் குழாயைச் சேர்க்காமல், சுமார் 6 மீட்டர் நீளம். 1/35 அளவில் அது 17 சென்டிமீட்டர். நாலு டாங்கியை நிறுத்தினால் நகர்த்த இடம் இருக்காது. அதே டாங்கி 1/56-இல் 11 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1/72-இல் எட்டு சொச்சம், 1/100-இல் வெறும் 6.

எதை எடுப்பது என்பதை உங்கள் நண்பரிடம் இருக்கும் காலாட்படையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 28 மில்லிமீட்டர் உயர வீரர்கள் என்றால் 1/56 டாங்கி. 15 மில்லிமீட்டர் என்றால் 1/100. 28-காரர்களில் சிலர் 1/48 டாங்கியையும் சேர்த்து நிறுத்துவார்கள். வீரர்கள் வட்டத் தகட்டின் மேல் நிற்பதால் கொஞ்சம் உயரமாகத் தெரிவார்கள், அதற்குப் பெரிய டாங்கிதான் எடுப்பு என்பது அவர்கள் வாதம். எனக்கு ஒப்புதல் இல்லை. மேசையில் தெரு குறுகிப்போகிறது.

கேள்வி: ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது உடைகிறது. போன முறை பீரங்கிக் குழாய், அதற்கு முன் ஆன்டெனா. நான் ஒட்டுவதில் தப்பா?

பதில்: ஒட்டுவதில் தப்பில்லை. அலமாரிக்குச் செய்கிற மாதிரியே செய்கிறீர்கள், அதுதான் கோளாறு. ஆட்டத்துக்கு வரும் டாங்கியைப் பத்துப் பேர் தூக்குவார்கள். அதில் எட்டுப் பேர் குழாயைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். எத்தனை முறை சொன்னாலும் திருந்த மாட்டார்கள். நானும் மற்றவர் டாங்கியை அப்படித்தான் தூக்குகிறேன்.

ஆகவே குழாயின் அடியில் கைத்துரப்பணத்தால் 1 மில்லிமீட்டர் துளை போடுங்கள். டரட்டிலும், அதாவது குழாயைத் தாங்கிச் சுழலும் மேல்கூட்டிலும், நேர் எதிரே ஒரு துளை. நடுவில் பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி சூப்பர் க்ளூ வைத்து ஒட்டுங்கள். ஆன்டெனாவுக்கு மாடல் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குச்சி வேண்டாம். பழைய நைலான் பிரஷ்ஷிலிருந்து ஒரு இழையை வெட்டி ஒட்டினால் வளையும், உடையாது. விளக்கைச் சுற்றி வரும் மெல்லிய உலோகக் கூண்டு போன்றவற்றை நான் பெட்டியிலேயே விட்டுவிடுவேன். மூன்றடி தூரத்தில் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியப் போவதில்லை.

டரட்டை ஒட்டாதீர்கள். உள்ளே ஒன்று, உடலில் ஒன்று எனச் சின்னக் காந்தங்கள் வைத்தால் சுழலும், கழற்றி எடுத்தும் வைக்கலாம். ஆனால் ஒட்டும் முன் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கிற பக்கத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள். குறிக்காமல் ஒருமுறை ஒட்டினேன். டரட்டை வைக்கப் போனால் கோபித்துக்கொண்டு துள்ளிக் குதித்தது. தோண்டி எடுப்பதற்குள் உடலின் மேல்தட்டே விரிசல் விட்டுவிட்டது.

கேள்வி: பாந்தர் டாங்கிக்குக் கருஞ்சாம்பல் அடித்தேன். எதிராளி சிரிக்கிறார். ஜெர்மன் டாங்கி என்றால் சாம்பல்தானே?

பதில்: 1943 பிப்ரவரி வரைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த மாதம் அடிப்படை நிறத்தை அடர்மஞ்சளாக மாற்றி உத்தரவு வந்தது. பாந்தரோ 1943 ஜூலையில்தான் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் முதன்முதலாகப் போருக்கு வந்தது. சிரித்தவர் விவரம் தெரிந்தவர்தான்.

உங்களுக்குச் சாதகமான விஷயமும் இதில் இருக்கிறது. மஞ்சளின் மேல் அடிக்கும் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டப்பாவில் படைப்பிரிவுகளுக்கே வந்தன. பெட்ரோலோ தண்ணீரோ, கிடைத்ததை ஊற்றிக் கரைத்து அடித்துக்கொண்டார்கள். அதனால் ஒரே பிரிவிலும் வண்டிக்கு வண்டி பட்டைகள் மாறும். உங்கள் பிரஷ் கோணல்மாணலாக ஓடினாலும் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: குறிப்பில் போட்டிருக்கும் அதே பச்சையைத்தான் அடிக்கிறேன். மேசையில் வைத்தால் கரித்துண்டு மாதிரி இருக்கிறதே?

பதில்: நிஜ வண்டியின் பெயிண்டைச் சின்ன மாடலில் அப்படியே அடித்தால் கண்ணுக்குக் கருப்பாகத்தான் படும். பச்சையோடு கொஞ்சம் வெளிர்மஞ்சள் கலந்து, "ஐயோ, ரொம்ப வெளுத்துவிட்டதே" என்று தோன்றும்வரை போங்கள். அங்கே நிறுத்துங்கள். மேலே வரும் அழுக்கு எப்படியும் அதை இருட்டாக்கிவிடும்.

அப்புறம் பழுப்பு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த பெயிண்ட். வண்டி முழுக்க ஊற்றாமல், தகடுகள் சேரும் கோடு, மூடியின் ஓரம், ஆணித்தலைகளைச் சுற்றி மட்டும் நுனிப் பிரஷ்ஷால் விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ட்ரை பிரஷ். பெயிண்டைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, இன்னும் துடைத்து, ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது விளிம்புகளில் தேய்க்க வேண்டும். எல்லாரும் சொதப்புகிற இடம் இதுதான். அவசரத்தில் ஒருமுறை குறைவாகத் துடைத்தால் கோடுகோடாக விழுந்துவிடும். கடைசியாக, கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டில் கரும்பழுப்பைத் தொட்டு, வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில் ஒற்றுங்கள். பெயிண்ட் பெயர்ந்த இடம் தானாக வரும்.

கேள்வி: ரெசின் டாங்கியில் பெயிண்ட் தோலாக உரிகிறது.

பதில்: அச்சிலிருந்து பிரிய ஒரு வழுக்குப் பொருள் தடவியிருப்பார்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பிறகு ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். உப்புத்தாள் தேய்ப்பதாக இருந்தால் ஈரத்தோடு தேய்த்து முகமூடியும் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: எல்லாம் முடித்து மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மூன்று வாரத்து வேலை. காப்பாற்ற முடியுமா?

பதில்: மழை நாளில் அடித்தீர்களா? காற்றில் ஈரம் மிஞ்சினால் இப்படி ஆகும். டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் ஆகும். வெயில் நாள் பார்த்து, மேலே மெல்லிசாக க்ளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துப் பாருங்கள். பல நேரம் நிறம் திரும்பிவிடும். அது காய்ந்ததும் மறுபடி மேட்.

எனக்கும் இப்படி மூன்று ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கிகள் பூத்துப் போயின. இரண்டு தேறின. மூன்றாவது கடைசிவரை மசியவில்லை. 1944 டிசம்பரில் பனியில் நடந்த ஆர்டென் சண்டையை ஆடும்போது அதைத்தான் முன்னால் விடுகிறேன். "பனி எஃபெக்ட் எப்படிக் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். பொறுமை வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.