கேள்வி பதில்: பிழிந்தவுடன் அருந்த வேண்டிய கரட் சாறு

கேள்வி: எங்கள் வீட்டில் சாறு பிழியும் இயந்திரம் இல்லை, பிளெண்டர் மட்டுமே இருக்கிறது. அதில் கரட்டை அடித்தால் கூழாகத்தான் வருகிறது. வடித்து வைத்தாலும் மாலைக்குள் நிறம் மங்கி அடியில் படிந்துவிடுவதால் மகன் குடிக்க மறுக்கிறான். காலையில் செய்து, பாடசாலை இடைவேளையில் குடிப்பதற்குப் போத்தலில் கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கொடுத்தனுப்ப வேண்டாம். தேசிக்காய்ச் சாறும் தோடம்பழச் சாறும் புளிப்பு மிகுந்தவை என்பதால் கிருமிகள் அவற்றில் எளிதில் பெருகுவதில்லை. கரட் சாற்றில் அந்தப் புளிப்புக் காவல் இல்லை. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அதில் ஏறத்தாழ 6. ஆபத்தான சில கிருமிகளைத் தடுத்து நிறுத்துவதற்கு அது 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும், போத்தலில் அடைத்து விற்கப்பட்ட கரட் சாற்றைக் குடித்த சிலர் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய்க்கு ஆளாகி உடல் செயலிழந்தார்கள்; சாறு போதிய குளிரில் வைக்கப்படாதபோது அதில் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கியதே காரணம் என்று கருதப்பட்டது. வீட்டில் அன்றன்று பிழிந்து குடிக்கும் சாற்றில் இத்தகைய நஞ்சு உருவாக நேரம் போதாதுதான். எனினும், கொழும்பின் வெப்பத்தில் புத்தகப்பைக்குள் மூன்று நான்கு மணி நேரம் கிடக்கும் சாற்றில் வயிற்றைக் கெடுக்கும் வேறு கிருமிகள் பெருகுவதற்கு அந்த நேரமே போதும். இடைவேளைக்குக் கரட்டை நீளத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தனுப்புங்கள். சாற்றை வீட்டிலேயே குடிக்கட்டும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். கூழாக வருவது உங்கள் பிழையன்று; பிளெண்டர் அரைக்குமே தவிரப் பிழியாது, பிழியும் வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். தேங்காய்ப் பால் பிழியத் தெரிந்த எவருக்கும் இது புதிய வேலையல்ல. நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வரும் கரட்டில், கையில் எடுத்தால் வளையாமல் விறைப்பாக இருப்பவற்றை அரைக் கிலோ தேர்ந்தெடுங்கள். வாடிய கரட்டில் நீர் குறைந்திருக்கும் என்பதால் எவ்வளவு பிழிந்தாலும் பயன் இல்லை. மண் போகத் தேய்த்துக் கழுவி, காம்புப் பக்கத்தில் பச்சையாகத் தெரியும் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். கசப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தோலைச் சீவ வேண்டும் என்பதில்லை. மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஒரு சிறு துண்டு இஞ்சியும் ஒரு கோப்பை கொதித்தாறிய குளிர்ந்த நீரும் சேர்த்து, ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் சாறு சூடேறும். நுரையோடு காற்றும் அதிகம் கலக்கும். பிறகு கொதிநீரில் அலசிய மெல்லிய வெள்ளைத் துணியில் கூழைக் கொட்டி, முறுக்கிப் பிழியுங்கள். இது முதற்பால். சக்கையில் அரைக் கோப்பை நீர் விட்டு மீண்டும் ஒருமுறை அடித்துப் பிழிந்தால் கப்பிப்பாலும் கிடைக்கும். இரண்டையும் கலந்து, பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். சீனி வேண்டாம், நல்ல கரட்டுக்கு அதன் சொந்த இனிப்பே போதும்.

நிறம் மங்குவதற்குக் கரட்டில் உள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து வேலை செய்வதே காரணம். தேசிக்காய்ப் புளி அதைச் சற்றுத் தாமதப்படுத்தும். எஞ்சியதை வைத்தே ஆக வேண்டுமானால், போத்தலின் வாய்வரை நிரப்பிக் காற்றுக்கு இடம் விடாமல் இறுக மூடி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே குடித்து முடியுங்கள். நீண்ட மின்வெட்டு வந்த நாளில் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அடியில் படிவது மட்டும் கெட்டுப்போனதன் அடையாளமல்ல, குலுக்கினால் கலந்துவிடும்.

சக்கையை எறிவதை மட்டும் என் மனம் ஏற்பதில்லை. நார்ச்சத்தின் பெரும்பகுதியும், கரட்டுக்கு நிறம் தந்து உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டினில் ஒரு பங்கும் அதில்தான் தங்கிவிடுகின்றன. தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி ஆகியவற்றோடு பிசைந்தால் நல்ல சம்பல். ரொட்டி மாவில் சேர்த்தாலும் பிள்ளைகள் மறுக்காமல் உண்பார்கள். சாற்றையும் வெறும் வயிற்றில் தராமல் இடியப்பமும் சொதியும் உண்ணும் நேரத்தில் கொடுங்கள். கரோட்டின் கொழுப்பில் கரைவது. சொதியில் உள்ள தேங்காய்ப் பால் அதை உடல் உறிஞ்சிக்கொள்ள உதவும்.

கேள்வி: எனக்கு நீரிழிவு உண்டு. தினமும் ஒரு கிளாஸ் கரட் சாறு குடிக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீர் சேர்க்காத ஒரு கிளாஸ் கரட் சாற்றில் சுமார் 9 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல், இயற்கையாகவே இருக்கிறது. நார் நீங்கிவிட்டதால் அது விரைவாக இரத்தத்தில் சேரும். ஆகவே உங்களுக்குச் சாற்றைவிடக் கரட்டை மென்று தின்பதே மேல். ஆசைக்குக் குடிப்பதானால் அரைக் கிளாஸ், உணவோடு, வாரத்தில் ஓரிரு நாள் என்று வைத்துக்கொண்டு, உங்கள் மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கடையில் வாங்கும்போது சீனி போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: தொடர்ந்து கரட் சாறு குடித்தால் மகளின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். ஒரு மாதமாகக் கொடுத்து வருகிறேன். இப்போது அவளுடைய உள்ளங்கைகள் மஞ்சளாகத் தெரிகின்றன. செங்கமாரியோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தெஹிவளை

பதில்: விற்றமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண் நோய்க்குக் கரட் உதவும், கிட்டப்பார்வையை அது மாற்றாது. இந்த நம்பிக்கை பரவியதில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் பிரசாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய தம் விமானிகள் கரட் தின்பவர்கள் என்று அங்கே பரப்பப்பட்டது. உண்மையில் அவர்களுக்குத் துணையாக இருந்தது ராடார்.

உள்ளங்கை மஞ்சளாவது பெரும்பாலும் மிகுதியான கரோட்டின் தோலில் தங்குவதால்தான். மகளை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணின் வெண்விழியைப் பாருங்கள். செங்கமாரியென்றால் அதுவும் மஞ்சளாக இருக்கும், சிறுநீரும் கருமஞ்சளாகப் போகும். அப்படியானால் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெண்விழி வெள்ளையாகவே இருந்தால், சாற்றை நிறுத்திய சில வாரங்களில் தோலின் நிறம் தானாகத் தெளிந்துவிடும். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள், அரைக் கிளாஸ் கொடுத்தால் போதும்.