வாசற்படியைத் தாண்டிப் போன துறவி

கேள்வி: என் ஒரே மகன் துறவற சபையில் சேர விரும்புகிறான். அயர்லாந்துத் துறவி புனித கொலும்பானுஸ், வாசற்படியில் விழுந்து அழுத தாயைத் தாண்டிச் சென்றார் என்று பங்கு மலரில் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. தாயின் கண்ணீரை மதிக்காதவர் எப்படிப் புனிதராவார்? துறவு கேட்பது இதைத்தானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்த காட்சி யோனாஸ் என்ற துறவி எழுதிய வரலாற்றில் வருகிறது. 615 நவம்பர் 23 அன்று இத்தாலியின் பொப்பியோ மடத்தில் கொலும்பானுஸ் இறந்து சில ஆண்டுகள் கழித்தே அங்கு சேர்ந்த யோனாஸ், அயர்லாந்தின் லென்ஸ்டரில் நிகழ்ந்த அந்தப் பிரிவை நேரில் கண்டவர் அல்லர். வாசலில் தந்தையே கிடந்தாலும் மிதித்துக் கடந்து வா என்று புனித ஜெரோம் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தின் சாயலும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே அதை எழுத்துக்கு எழுத்து நடந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் பிரிவு உண்மை. குலமும் ஊருமே ஒருவருக்குப் பாதுகாப்பாக இருந்த அக்கால அயர்லாந்தில், சொந்த மண்ணைவிட்டு விலக்கப்படுவது பெருந்தண்டனை. அதைத்தான் அந்நாட்டுத் துறவிகள் கிறிஸ்துவுக்காகத் தாமே விரும்பி ஏற்றார்கள். அயர்லாந்தின் பாங்கர் மடத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த கொலும்பானுஸ், 590 வாக்கில் 12 தோழர்களுடன் கடல் கடந்து, இன்றைய பிரான்சின் லுக்சேயில் மடம் அமைத்தார்.

அவர் நெஞ்சம் கல்லா என்பதை அவருடைய கடிதங்களிலேயே பாருங்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) நாளைக் கணிக்கும் முறை பற்றி அங்கிருந்த ஆயர்களோடு பிணக்கு முற்றியபோது, 603-இல் அவர்களுக்கு எழுதிய மடலில் அவர் கேட்டது ஒன்றுதான்: இறந்துபோன தம் சகோதரர் 17 பேரின் எலும்புகளுக்கு அருகில், 12 ஆண்டுகளாக வாழ்ந்த அதே காட்டில், அமைதியாக வாழ விடுங்கள் என்பதே அது. அப்பகுதியை ஆண்ட அரசன் தியூடெரிக்கின் முறைகேடான வாழ்வைக் கண்டித்ததற்காக 610-இல் நாடு கடத்தப்பட்டு, நாந்த் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த வேளையில், மடத்தில் விட்டுவந்த சீடர் அத்தாலாவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதுகிறார்: கண்ணீர்க் கடிதம் எழுதவே விரும்பினேன், உன் மனம் அறிந்து அடக்கிக்கொண்டேன், ஆயினும் இதோ கண்ணீர் வழிகிறது என்று. இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம், வாசலில் விட்டுவந்த தாயை அவர் மறந்திருப்பார் என்று என்னால் நம்ப முடிவதில்லை.

உங்கள் மகன் திரும்பிவரும் பாதை அவ்வளவு திடீரென்று அடைபடுவதில்லை. இன்றைய திருச்சபைச் சட்டப்படி நவதுறவகம் என்னும் தொடக்கப் பயிற்சியில் குறைந்தது ஓராண்டும், அதன்பின் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துறவு வாக்குறுதி கொடுக்கும் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது 3 ஆண்டுகளும் கழிந்த பிறகே வாழ்நாளுக்குமான இறுதி வார்த்தைப்பாடு. வீட்டுக்கு வர எப்போதெல்லாம் அனுமதி உண்டு என்பதைச் சபைத் தலைவரிடம் நேரிலேயே கேளுங்கள். பெற்ற தாய்க்கு அந்த உரிமை உண்டு. உங்களுக்கு உறக்கம் இல்லை என்பதை மகனிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.