மதியம் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி ஊசி போடலாமா?

கேள்வி: வயது 56. விவசாயம் செய்கிறேன். சில மாதங்களாக அசதி, தாம்பத்தியத்தில் நாட்டமும் இல்லை. காலை வேலையை முடித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 240 என்று வந்தது. அந்த ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும். பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பாடும் அதைக் குறைத்துக் காட்டும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை, முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். முந்தைய இரவு தண்ணீர் பாய்ச்சக் கண்விழித்திருந்தால் அன்று போகாதீர்கள். காய்ச்சல் கண்டிருந்தால் உடம்பு நன்றாகத் தேறட்டும்.

இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்போம். அசதியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றிலும் அது உண்டு. நாட்டம் குறைவதோடு காலை விறைப்பும் அரிதாகி, உறவின்போதும் விறைப்பு நிலைக்கவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது, விரைகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.ஹெச். பரிசோதனை. பலர் இதை எடுக்காமலே ஊசிக்குத் தாவிவிடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.ஹெச். கூடியிருந்தால் கோளாறு விரைகளில். எல்.ஹெச். உயராமலே இருந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் வரவில்லை. தொப்பை, நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை, ஓபியாய்டு வலிமருந்து, அரிதாகப் பிட்யூட்டரிக் கட்டி ஆகியவை காரணமாகலாம். பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். தொப்பைதான் காரணம் என்றால் எடை குறையக் குறைய அளவு தானே ஏறும். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

கேள்வி: பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்கும் ஒரு வயதில் இந்த ஹார்மோன் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. நாற்பது வயதை ஒட்டித் தொடங்கி ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் வீதம் மெல்லக் குறையும், அவ்வளவுதான். பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே தேவைப்படாது.

கேள்வி: ஊசியோ ஜெல்லோ தொடங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தொடங்கும் முன்பே ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) இரண்டும் எடுக்க வேண்டும். பிறகு 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை. ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்படுகிறது என்று பொருள். மருந்தை நிறுத்தியாக வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும், 6 மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் தொடங்கக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் முதல் சில நாள் உற்சாகம், கடைசி நாட்களில் சோர்வு என ஏறி இறங்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டாதீர்கள். இடைவெளியை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்பவருக்கு இந்த மருந்தே ஆகாது, விந்தணு உற்பத்தியை அது முடக்கிவிடும். ஜெல் தடவினால் சோப்புப் போட்டுக் கை கழுவி, தடவிய இடம் காய்ந்ததும் சட்டையால் மூடுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கும்போது அந்தத் தோல் பட்டால் ஹார்மோன் குழந்தைக்கும் போய்விடும்.